வட்டும் வட்டமும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் பயிற்றும் ஒருத்தி இலக்கிய விழாவில் குறுந்தகட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாளே என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால் குறுந்தகட்டைத் தமிழில் குறுவட்டு என்றும் வழங்குகிறோம். வட்டத்தின் விழாவில் வட்டைப் பற்றிப் பேசுவதில் பெயர்ப் பொருத்தமேனும் இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பெயரளவில் நில்லாத பொருத்தமும் உண்டு என்பதை, இம்மலருக்குப் படம் தேடும் பொறுப்பை ஏற்ற பின்னரே உணர்ந்தேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

திறக்காத தகடுகள்

நம் வட்டம் 2016-ஆம் ஆண்டில் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகளின் கூட்டப் படங்களை 11 டிவிடி தகடுகளில் பதித்து வைத்திருந்தோம். ஞெகிழி உறைகளில் இட்டு, ஒவ்வொன்றின் மேலும் அழகிய வண்ணத்தாள் ஒட்டி, நாளும் நிகழ்ச்சியும் அச்சிட்டு, ஓர் உறுப்பினர் வீட்டு மாடிப் பரணில் பாதுகாப்பாக வைத்ததாகவே எல்லாரும் நம்பியிருந்தோம். இந்த ஆண்டு எடுத்துப் பார்த்தபோது ஏழு தகடுகள் திறந்தன; நான்கு திறக்கவில்லை. கணிப்பொறி நெடுநேரம் சுழற்றிப் பார்த்து, தகடு வெறுமையாக இருக்கிறது என்று அறிவித்தது.

அந்நான்கனுள் ஒன்று நம் முதற் கூட்டத்தின் தகடு. மற்றொன்று முதல் ஆண்டுக் கவியரங்கத்தின் தகடு. நம் முதல் தலைவராக விளங்கி இன்று நம்மிடையே இல்லாத ஐயா அவர்கள், இரயில்வேயில் ஓய்வு பெற்ற பின் யாப்பிலக்கணம் கற்று, எழுபதாம் வயதில் வெண்பா பாடியவர். அக்கவியரங்கில் அவர் பாட நின்ற காட்சியைக் கண்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். படம் இல்லை. முதற் கூட்டத்தின் படம் மட்டும் ஒன்று கிடைத்தது. ஓர் உறுப்பினரின் மகள் தன் கைப்பேசிக்கு வாட்சப்பில் வந்த சிறிய படியை அழிக்காமல் வைத்திருந்தாள். இம்மலரின் தொடக்கத்தில் சற்று மங்கலாகக் காணப்படும் படம் அதுதான். பரணில் காத்து வைத்தது போயிற்று. எவர் காவலும் இன்றிக் கைமாறிப் போன படி பிழைத்தது. இதில் ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அப்பாடம் தமிழுக்குப் புதிதும் அன்று.

ஓலை தேர்ந்தவர்கள்

நம் முன்னோர் எழுதுபொருளைத் தேர்வதில் மிகுந்த கவனம் செலுத்தினர். நாட்டுப்பனை, கூந்தற்பனை, தாளிப்பனை என ஓலையின் வகை அறிந்து தேர்ந்தனர். முற்றியதும் ஆகாது, குருத்தும் ஆகாது. பருவம் பார்த்து வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, பிறகே எழுத்தாணி தொட்டனர். எழுதியபின் மை தடவி, எண்ணெய் பூசி, சட்டமிட்டுக் கயிறு கோத்துக் கட்டினர். இத்தனை செய்தும் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளே தாங்கும். சங்கப் பாடல்கள் இரண்டாயிரம் ஆண்டு வந்து சேர்ந்தன என்றால், இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்த ஓலை ஒன்று எங்கோ இருந்ததென்பது பொருளாகாது. ஓலை நைவதற்கு முன்னரே எவரோ ஒருவர் அமர்ந்து, அதைப் புத்தோலையில் பெயர்த்து எழுதினார். அவருக்குப் பின் வேறொருவர் எழுதினார். பெயர் தெரியாத அந்தக் கைகளின் தொடர்ச்சியே நம் இலக்கியத்தின் ஆயுள்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஒவ்வொரு நூலுக்கும் ஊர் ஊராகச் சென்று பல படிகளைத் தேடி ஒப்பிட்டார். ஒரு படியில் சிதைந்த இடத்தை மற்றொரு படி நிரப்பிற்று. எந்தப் படியும் நிரப்பாத இடத்தைப் புள்ளியிட்டு விட்டார். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாட்டுகள் எந்தப் படியிலும் கிடைக்காமையால் இன்றளவும் இல்லை.

இங்கே ஓலைக்கும் தகட்டுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். ஓலை சிதையும்போது நம் கண்முன்னே சிறிது சிறிதாகச் சிதையும். ஓர் அடி போனாலும் மற்ற அடிகளைப் படிக்கலாம். தகடு அவ்வாறு சிதைவதில்லை. குறுந்தகட்டில் பதியும் எண்களோடு, பிழை நேர்ந்தால் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும் துணை எண்களும் சேர்த்தே பதிகின்றன. ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட முறை அதற்கு அடிப்படை. அதனால் தகடு உள்ளே நலிந்துகொண்டு வரும்போதும், திருத்த முடிந்தவரையில் படம் பழுதின்றியே தெரியும். திருத்தும் எல்லையைக் கடந்த அன்று, நேற்றுவரை நன்றாக இருந்த தகடு திடீரெனத் திறவாது போகும். ஓலை முன்கூட்டியே எச்சரிக்கும், தகடு எச்சரிக்காது. ஆகவே தகட்டைத் தேர்வதிலும் காப்பதிலும் ஓலைக்குக் காட்டியதைவிட மிகுந்த கவனம் தேவைப்படுகிறது.

தகட்டின் உறுப்புகள்

பதியத்தக்க குறுந்தகடு 1988-இல் ஜப்பானின் தையோ யூடன் நிறுவனத்தாரால் உருவாக்கப்பட்டது. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட்டு ஞெகிழி வட்டில் சுருள் வடிவான நுண்ணிய தடம் ஒன்று இருக்கும். அதன்மேல் ஒரு சாயப் பூச்சு. சாயத்தின்மேல் ஒளியைத் திருப்பும் உலோகப் பூச்சு. அதன்மேல் மெல்லிய அரக்குப் பூச்சு. லேசர் ஒளி சாயத்தைச் சுட்டு மாற்றும் இடங்களே எழுத்தாகின்றன. ஓலையைக் கீறி எழுதினோம். தகட்டைச் சுட்டு எழுதுகிறோம்.

நாம் மேற்புறத்தைப் பொருட்படுத்தாமல் அடிப்புறக் கீறலுக்கே அஞ்சுகிறோம். குறுந்தகட்டில் உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. எழுத்து மேற்புறத்தை ஒட்டி, அரக்குப் பூச்சின் அடியிலேயே இருக்கிறது. கூர்மையான பேனாவால் பெயர் எழுதினால் அக்கீறல் படத்தின்மேலேயே விழும். டிவிடி தகட்டில் 0.6 மில்லிமீட்டர் வட்டுகள் இரண்டை ஒட்டி, இடையே எழுத்தை வைத்திருப்பதால் இந்த இடர் குறைவு. ஆயினும் இரு வட்டுகளையும் பிணைக்கும் பசை அதன் நலிந்த இடம். நாம் அழகுக்காக ஒட்டிய வண்ணத்தாள் ஈரத்தில் சுருங்கியும் விரிந்தும் தகட்டை வளைத்திருக்கும் என்றே கருதுகிறேன். ஒட்டுத்தாள் கூடாது என்பது இத்துறை வல்லுநர் வற்புறுத்தும் முதல் விதிகளுள் ஒன்று. நாம் அறியாமற் செய்த பிழை அது.

எதைத் தேர்வது?

சாயத்தில் மூன்று வகை பெருவழக்கில் இருந்தன: சயனின், அசோ, தாலோசயனின். இவற்றுள் தாலோசயனின் ஒளியை நன்கு தாங்குவது. உலோகப் பூச்சு வெள்ளியாகவோ பொன்னாகவோ இரண்டின் கலவையாகவோ இருக்கும். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதையும் பொன்நகை கறுக்காமையையும் பார்க்கிறோமே, அதே இயல்பு தகட்டுக்குள்ளும் உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தாலோசயனின் சாயமும் பொன்னும் வெள்ளியும் கலந்த பூச்சும் உடைய குறுந்தகடுகள் வெப்பத்தையும் ஒளியையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின.

குறுந்தகடு 700 மெகாபைட் கொள்ளும், டிவிடி 4.7 ஜிகாபைட் கொள்ளும். ஒற்றை அடுக்குப் ப்ளூ-ரே தகடு 25 ஜிகாபைட் கொள்ளும். கைப்பேசிப் படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், டிவிடியில் ஓராயிரத்துக்கு மேலும், ப்ளூ-ரேயில் ஆறாயிரத்தை ஒட்டியும் படங்கள் அடங்கும். ப்ளூ-ரே தகட்டிலும் இருவகை உண்டு. ஒன்று கரிமச் சாயத்தால் ஆனது; அதன் உறையில் 'எல்.டி.எச்.' என்னும் குறி இருக்கும். மற்றது கனிமப் பூச்சால் ஆனது. நெடுநாள் காப்புக்குக் கனிம வகையையே தேர்க. அழித்து அழித்து எழுதத்தக்க தகடுகள் இப்பணிக்கு ஏற்றவை அல்ல.

கடைத்தெருவில் உறையின் மேலிருக்கும் பெயரைக் கொண்டு தகட்டை மதிப்பிடுதல் இயலாது. பதிப்பகத்தின் பெயர் ஒன்றும் அச்சகம் வேறொன்றும் ஆக இருப்பதுபோல, விற்பவர் பெயர் ஒன்றாகவும் செய்தவர் வேறொருவராகவும் இருப்பது இத்தொழிலின் வழக்கம். பதியத்தக்க ஒவ்வொரு தகட்டிலும் செய்தவரின் குறியீடு முன்னரே பொறிக்கப்பட்டிருக்கிறது. கணிப்பொறியில் சிறு மென்பொருளைக் கொண்டு அதைப் படித்துவிடலாம். நூலின் பின்பக்கத்தில் அச்சகப் பெயரைத் தேடும் பழக்கமுள்ள நமக்கு இது கடினமன்று.

எழுதும்போது மிகை வேகம் வேண்டா. தகட்டின் வெளிவிளிம்புவரை நிரப்பவும் வேண்டா; முதலில் நலிவது பெரும்பாலும் விளிம்பே. எழுதி முடித்தபின் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி மென்பொருளில் உண்டு. ஏடு பெயர்த்தோர் ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்பு நோக்கினர் அல்லவா? அந்தப் பணியைத் தவிர்க்கக் கூடாது.

நம் வெயிலும் நம் மழையும்

மேற்கூறிய நிறுவனத்தின் ஃபிரெட் பையர்ஸ் 2003-இல் எழுதிய வழிகாட்டி, தகடுகளை 4 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்திலும், 20 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் தாம்பரத்து மார்கழி விடியலில்கூட இந்த அளவு வாய்ப்பது அரிது. கோடையில் மொட்டைமாடியின் கீழிருக்கும் பரண் சூளையாகக் கொதிக்கும். ஐப்பசியில் அதே பரண் ஈரத்தில் ஊறும். மத்திய அமெரிக்காவின் பெலீசு நாட்டிலிருந்து வந்த குறுந்தகடு ஒன்றைப் பூஞ்சை அரித்திருந்ததை 2001-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். அதுவும் நம்மைப் போன்றே வெம்மையும் ஈரமும் மிக்க நாடு.

நம்மால் இயன்றது இவ்வளவு: தகட்டைக் கெட்டியான தனிப்பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி வைத்தல், பெட்டிகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளோடு மூடிய கலத்தில் வைத்தல், பரணையும் சமையலறையை ஒட்டிய அலமாரியையும் தவிர்த்து, வீட்டின் குளிர்ந்த உள்ளறையைத் தேர்தல், நீர் மையுள்ள மென்முனைப் பேனாவால் மட்டும் எழுதுதல். மழைக்காலம் முடிந்ததும் புத்தகங்களை வெயிலில் உலர்த்துவது நம் வழக்கம். அன்பு கூர்ந்து தகடுகளை வெயிலில் வைத்துவிடாதீர்கள். கதிரவன் ஒளியே சாயத்தின் பெரும்பகை.

இவை அனைத்தையும் செய்தாலும் போதாத நாள் ஒன்று வரும் என்பதை நம் ஊராருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் முதல் நாளையும் மறுநாள் காலையையும் மறந்தவர் இங்கே எவருமிலர். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தனர். நீர் வடிந்தபின் தெருவோரங்களில் குவிந்தவற்றுள் மெத்தைகளுக்கும் மரச்சாமான்களுக்கும் இடையே திருமணப் படத்தொகுப்புகளும் கிடந்தன. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முகங்கள் கரைந்திருந்தன. குளிர்ப்பெட்டியை மறுபடி வாங்கலாம். அப்பனின் இளமைக்கால முகத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஆயிரம் ஆண்டு வாக்குறுதி

ஆயிரம் ஆண்டு தாங்கும் தகடு என்று எம்-டிஸ்க் என்னும் ஒருவகை விற்பனைக்கு வந்தது. கரிமச் சாயத்துக்கு மாறாகக் கல் போன்ற கனிமப் பூச்சில் பதிவது அது. கருத்து நல்லது, தகடும் உறுதியானதே. ஆனால் ஆயிரம் ஆண்டு என்பது எவரும் இருந்து கண்டது அன்று. தகட்டை 80 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்திலும் மிகுந்த ஈரத்திலும் சில வாரங்கள் வாட்டி, அதிலிருந்து கணக்கிட்டுச் சொல்வது. ஆயிரம் ஆண்டு வாக்களித்த மில்லெனியாட்டா நிறுவனம் 2016-இல் நொடித்துப்போனது.

மற்றவற்றின் கதையும் இத்தகையதே. பதியும் தகட்டை உலகுக்குத் தந்த தையோ யூடன் 2015-இல் அத்தொழிலைக் கைவிட்டது. 1983-இல் தொடங்கி, உலகின் பெரிய தகட்டு உற்பத்தியாளருள் ஒன்றாக வளர்ந்த நம் நாட்டு மோசர் பேயர், 2018-இல் கலைக்க ஆணையிடப்பட்டது. மலிவு விலையில் தமிழ்த் திரைப்படத் தகடுகளை வீடுதோறும் கொண்டுவந்த நிறுவனம் அது. பதியத்தக்க ப்ளூ-ரே உற்பத்தியைப் பானசோனிக் 2023-இலும் சோனி 2025-இலும் நிறுத்தின. இன்றும் சிலர் செய்கின்றனர். ஆயினும் புதிய மடிக்கணிப்பொறிகளில் தகடு நுழையும் வாயிலே பெரும்பாலும் இல்லை. தகடு நூறாண்டு இருக்கலாம். அதைப் படிக்கும் பொறி இருக்குமா? ஓலையைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். தகட்டைப் படிக்க இடையில் ஒரு தொழிற்சாலையே வேண்டும்.

இதை எண்ணும்போது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தார் தேர்ந்த வழி நினைவுக்கு வருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூற்செல்வம், அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் துணையால் 1994-இல் நூலகமாகியது. இன்று தரமணியில் இயங்குகிறது. அங்கே அரிய நூல்களை நுண்படச் சுருளில் பதித்தனர். விளக்கொளியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் சுருளைப் படித்துவிடலாம். எண்முறைப் பதிவுகளையும் பின்னர் மேற்கொண்டனர். ஒரே பொருளை மட்டும் நம்பியிராத அறிவுடைமை அது.

ஒரே பொருளை நம்பக் கூடாது என்பதைப் போன்றே, ஒரே இடத்தை நம்பக் கூடாது என்பதும். 1981 மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. படி இல்லாதவை போனவையே.

ஒளிப்படக் கலைஞர்களிடையே '3-2-1' என்று ஒரு நெறி வழங்குகிறது. பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அதைப் பரவலாக்கினார். மூன்று படிகள், இருவேறு பொருள்களில், ஒன்று வேற்றிடத்தில். உ. வே. சா. பல ஊர்களில் தேடிப் பல படிகளைக் கண்டெடுத்தார் என்றால், அதற்கு முன்பே பல ஊர்களில் பலர் படியெடுத்து வைத்திருந்தனர் என்பதே காரணம். நெறி புதிது, வழக்கம் பழையது.

என் வேண்டுகோள்

ஆகவே நம் வட்டத்தார்முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

எஞ்சிய ஏழு தகடுகளின் படங்களையும் உறுப்பினர்தம் கைப்பேசிகளில் உள்ளவற்றையும் ஒன்று திரட்டுவோம். கனிமப் பூச்சுள்ள ப்ளூ-ரே தகடுகளில் இரண்டு தொகுதி எழுதுவோம். மூன்றாவது தொகுதி வன்தட்டில் இருக்கட்டும். ஒரு தகட்டுத் தொகுதி நம் ஊரில், வெள்ளம் எட்டாத மாடியின் உள்ளறையில் இருக்கட்டும். மற்றொன்று வெளியூர் உறுப்பினர் ஒருவர் வீட்டில், அடையாற்றின் நீர் எட்டாத தொலைவில் இருக்கட்டும். தகடு படிக்கும் பொறி ஒன்றையும் வாங்கி உடன் வைப்போம்.

ஒவ்வொரு படத்துக்கும் நாள், இடம், நிற்பவர் பெயர், படித்த கவிதையின் தலைப்பு ஆகியவற்றை எழுதி, அக்குறிப்பைத் தகட்டிலும் சேர்த்துத் தாளிலும் அச்சிட்டு வைப்போம். பெயரில்லாப் படம், பாடியவர் பெயரும் திணையும் துறையும் தொலைந்த பாட்டைப் போன்றது. நம் ஊர் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரிக்கரையும் தெருக்களும் ஆண்டுதோறும் உருமாறுகின்றன. கூட்டப் படத்தின் பின்புலத்தில் தற்செயலாக விழுந்த ஒரு வேப்பமரமும், ஒரு பழைய ஓட்டுவீடும் நாளைக்குச் சான்றாகும்.

சரசுவதி பூசையன்று நூல்களை அடுக்கி வழிபட்டு, விசயதசமியன்று எடுத்துப் படிப்பது நம் மரபு. அந்நாளில் நம் தகடுகளையும் எடுத்துத் திறந்து பார்ப்போம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவை நன்றாக இருந்தாலும் புதியவற்றில் பெயர்த்தெழுதுவோம். நைந்த ஏட்டைப் பெயர்ப்பது அரிது. நைவதற்கு முன் பெயர்ப்பதே எளிது. இப்பணியை ஒரு பொறுப்பாகவே ஏற்படுத்தி, செயலாளர், பொருளாளர் வரிசையில் 'படிக்காப்பாளர்' என ஒருவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன். முதல் ஆண்டுக்கு அப்பணியை ஏற்க நான் அணியமாக இருக்கிறேன்.

நிறைவாக ஒன்று. நல்ல தகட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் தகட்டை நம்பி உறங்கிவிடாதீர்கள். ஏட்டைக் காத்தது ஓலையின் வலிமை மட்டுமன்று; அதை அடுத்தவர் கையில் ஒப்படைத்த வட்டங்களே காத்தன. இம்மலரும் ஒரு படிதான். இதன் ஒரு பிரதியை உங்கள் இல்லத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றை வேற்றூரில் இருக்கும் ஒருவர்க்கு அனுப்புங்கள். அக்கவியரங்கில் ஐயா அவர்கள் பாடிய வெண்பா எவர் நினைவிலேனும், எவர் குறிப்பேட்டிலேனும் இருக்குமாயின், இன்றே இவ்விடத்திலேயே எனக்குச் சொல்லுங்கள். படம் போயிற்று, பாட்டாவது இரண்டு படியாகட்டும்.